கடல் சாமந்திக்கு நாலு விளக்கு

பாலுசாமிக்கு வெள்ளை என்றால் உயிர். வேட்டி வெள்ளை, சட்டை வெள்ளை, வீட்டுச் சுவர் வெள்ளை, வாசலில் நின்ற அம்பாசடர் காரும் வெள்ளை. சோமனூரிலிருந்து கருமத்தம்பட்டி போகிற வழியில் வீட்டை ஒட்டினாற்போல அவருக்கு ஒரு ப்ளீச்சிங் பட்டறை இருந்தது. சுற்றுவட்டாரத் தறிகளில் நெய்த காடாத் துணி பழுப்பாக, கஞ்சி வாடையோடு உள்ளே வரும். வெளுத்து, அலசி, நீலம் கொடுத்தபின் பால் மாதிரி வெளியே போகும். இருபத்தைந்து வருஷமாக இதே தொழில். அதனால் பழுப்பாக எதைக் கண்டாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடையில் ஒரு வம்பை இழுத்துவைத்தது.

அவருடைய மனைவி நாச்சியம்மாள் கோயமுத்தூரில் விலங்கியல் பி.எஸ்ஸி. படித்தவர். எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்த அதே வாரத்தில் பாலுசாமி வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். அதற்குப் பிறகு படிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இருபது வருஷக் குடித்தனத்தில் நாச்சியம்மாள் நகை வேண்டும் என்றதில்லை, ஊர் சுற்றிப் பார்க்கவேண்டும் என்றதில்லை. ஒரே மகன் படிக்க ஹாஸ்டலுக்குப் போன வருஷம்தான் வாய் திறந்து ஒன்று கேட்டார். முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி வேண்டும், அதில் கடல் தண்ணீர் நிரப்பவேண்டும் என்றார்.

"கடலா? சோமனூர்லயா அம்மணி?" பாலுசாமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ரெண்டடித் தொட்டிதானுங்க. சின்னக் கடலுங்க."

நாச்சியம்மாளோடு கூடப் படித்த சாஜிதா பேகம் அப்போது ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊரில் ஒரு கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலையாக இருந்தார். தொட்டியில் இருந்த உயிர்களெல்லாம் அவர் அனுப்பியவைதான். மாதாமாதம் ராமேஸ்வரம் பஸ்ஸில் கேன் கேனாகக் கடல் தண்ணீரும் வரும். தொட்டிக்குள் குடியிருந்தது கொஞ்சம் பேர்தான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு குட்டி மீன்கள். ஒரு கல், அதன்மேல் கடுகு கடுகாக உயிருள்ள பவளம். நடுவில் ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி, பூ இல்லை, அது ஒரு பிராணி. விரல் விரலாக நூற்றுக்கணக்கில் கைகளை நீட்டித் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருக்கும். மீன்கள் இரண்டும் அந்தக் கைகளுக்குள்ளேயே புகுந்து படுத்துக்கொள்ளும்.

அந்தச் சாமந்தி டீக்கடை டீயின் நிறத்தில் இருந்தது. பாலுசாமிக்கு அதில்தான் வருத்தம். இன்னொரு வருத்தம் விளக்கு. இரண்டடித் தொட்டிக்கு மேலே நாலு டியூப்லைட் வரிசையாக எரிந்தன. முன்னறையில் உட்கார்ந்தால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பார். நாச்சியம்மாள் கேட்டுக்கொண்டு மீனுக்குத் தீனி போடுவார். மூன்று வருஷம் அப்படியே ஓடியது.

மே மாதம் தாராபுரத்தில் நாச்சியம்மாளின் அம்மாவுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று. நாற்பத்தைந்து நாளாவது யாராவது கூடவே இருக்கவேண்டும். நாச்சியம்மாள்தான் ஒரே மகள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். எந்தக் கிழமை தண்ணீர் மாற்றவேண்டும், மீனுக்கு எவ்வளவு தீனி, காற்றுக் குழாய் நின்றுபோனால் என்ன செய்வது என்று நான்கு பக்கம். கடைசியில், 'விளக்கு நாலும் எரியவேண்டும், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, குறைக்கவேண்டாம்' என்று எழுதி, குறைக்கவேண்டாம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

"இது ஒண்ண மட்டும் பாத்துக்கங்க. வேற எதுவும் நான் உங்ககிட்ட கேட்டதில்லீங்க" என்று படியிறங்கும்போது சொன்னார்.

"அட, நான் பாத்துக்கமாட்டனா? நீ நிம்மதியாப் போயிட்டு வா அம்மணி."

மனசாரத்தான் சொன்னார். முதல் மூன்று நாள் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி படித்துப் படித்துச் செய்தார். நாலாம் நாள் பொழுதோடு, ஐந்து மணி வாக்கில், வோல்டேஜ் ஏறி இறங்கியதில் ஒரு டியூப்லைட்டின் சோக் புகைந்தது. நாலு விளக்கும் ஒரே சட்டத்தில் இருந்ததால் சட்டத்தையே கழற்றவேண்டியதாயிற்று. பட்டறை எலெக்ட்ரீசியன் இஸ்மத் வந்து கழற்றிக் கீழே வைத்தார். நாளைக்குப் புது சோக் வாங்கி மாட்டிவிடலாம் என்றார்.

அதுவரை தொட்டி இருட்டில் கிடக்கவேண்டாமே என்று பாலுசாமி பட்டறைக்குப் போய் ஒரு விளக்கை எடுத்துவந்தார். அது சாதாரண விளக்கு இல்லை. வெளுத்த துணியைப் பம்பாய் வியாபாரிகளுக்கு விரித்துக் காட்டுகிற மேஜைக்கு மேலே தொங்குவது. பத்துப் பதினைந்து விளக்கு பார்த்து அவரே பொறுக்கியது. அதன் கீழே சுமாரான வெள்ளைகூட மல்லிகைப்பூ மாதிரி தெரியும். எந்த வெளிச்சத்தில் துணி அழகாகத் தெரியுமோ அந்த வெளிச்சத்தில் காட்டுகிறவன்தான் வியாபாரி என்பது அவர் கொள்கை.

அதைத் தொட்டிக்கு மேலே மாட்டினார். அடேங்கப்பா! மீன்கள் தங்கக் காசு மாதிரி மின்னின. கண்ணை உறுத்திக்கொண்டிருந்த வெளிச்சம் போய் அறையே கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி அமைதியாகிவிட்டது. பாலுசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் பார்த்தார். மறுநாள் இஸ்மத் புது சோக்கோடு வந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"அக்கா நாலுன்னு கோடு போட்டு எழுதியிருக்காங்களே மொதலாளி" என்றார் இஸ்மத்.

"அவ புஸ்தகத்தப் பாத்து எழுதுனவ. நான் கண்ணால பாக்கறவன். இந்த மே மாச வெக்கையில நாலு சோக்கு சூட்டுக்கு மீனு வெந்துபோயிரும் இஸ்மத்து. அதும் ஒரு உசுருதான?"

சூட்டைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சூடு அவருக்குச் சாக்கு, அழகுதான் காரணம். இஸ்மத்துக்கும் அது தெரியும். சம்பளம் வாங்குகிற இடத்தில் எவ்வளவு பேசலாமோ அவ்வளவு பேசிவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்துச் சாமந்தியின் விரல் நுனிகள் வெளிற ஆரம்பித்தன. முதலில் பார்த்தவர் பாலுசாமிதான். நிறத்தில் இம்மி மாறினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. டீ நிறம் சந்தன நிறம் ஆயிற்று, சந்தனம் தந்த நிறம் ஆயிற்று. பவளக் கல்லும் பழுப்பை உதறிவிட்டுச் சுத்தமாக நின்றது. இருபது நாளில் சாமந்தி வெள்ளைவெளேர் என்று, உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஒளிர்ந்தது. பாலுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வருஷ அழுக்கு அவர் கைபட்டு இருபது நாளில் போய்விட்டதே! நூல் வியாபாரி சுந்தரராஜுலுவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினார்.

"என்னங்க போட்டீங்க? பவுடரா?" சுந்தரராஜுலு நிஜமாகவே கேட்டார்.

"ஒரு மண்ணும் போடலீங்க. வெளிச்சந்தான். எல்லாம் வெளிச்சத்துல இருக்குது."

ஞாயிற்றுக்கிழமை தோறும் வெடியால எழுந்ததும் நாச்சியம்மாள் தாராபுரத்திலிருந்து போன் செய்வார். அம்மா கண்ணைப் பற்றி ஒரு வரி, பிறகு நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, தொட்டி எப்படி என்று இரண்டே கேள்வி. "ஜம்முனு இருக்குது, நீயே வந்து பாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார் பாலுசாமி. வந்து பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்பது அவர் திட்டம். ஆனால் ரகசியம் வைத்திருக்கிற ஆள் இல்லை அவர். நாலாவது ஞாயிறு அவரால் அடக்க முடியவில்லை.

"அம்மணி, ஒரு விஷயம் சொல்றேன் கேளு. உன்ற சாமந்திய வெளுத்துப்போட்டேன்!"

"என்னதுங்க?"

"வெள்ளைன்னா அப்படி ஒரு வெள்ளை. அந்தப் பவளக் கல்லும் அப்படித்தான். ராஜுலு வந்து பாத்துட்டு வாயப் பொளந்துட்டாரு. அந்தக் காடாக் கலரு பூராப் போயிருச்சு."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவர் இரண்டு முறை ஹலோ சொன்னார்.

"எத்தன லைட்டு எரியுதுங்க?"

"ஒண்ணுதான். நம்ம மேசை லைட்டு. அந்தச் சோக்கு போயிருச்சு, அதனால..."

"எத்தன நாளாங்க?"

"நீ போயி நாலாம் நாள்ல இருந்து."

நாச்சியம்மாள் குரலை உயர்த்தவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அந்தப் பழுப்பு அழுக்கு இல்லீங்க. அதோட ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்குது. அந்த நெறந்தான் அது. வெளிச்சம் பட்டா அந்தப் பாசி சோறாக்கும். அதத் தின்னுதான் சாமந்தியும் பவளமும் பொழைக்குது. வெளிச்சம் பத்தலீன்னா பாசி போயிரும். நீங்க வெளுக்கலீங்க. இருபது நாளா அதப் பட்டினி போட்டிருக்கீங்க."

பாலுசாமி நோட்டை இழுத்து அந்த இரண்டு கோட்டைப் பார்த்தார்.

"இங்க அம்மாவுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு கறுப்புக் கண்ணாடி மாட்டி உக்கார வெச்சிருக்கறேன். அதுக்கு வெளிச்சந்தானுங்க சோறு."

"இப்பவே நாலு லைட்டையும் போட்டுர்றேன் அம்மணி. இஸ்மத்தக் கூப்புட்டு..."

"வேண்டாங்க!" அந்த ஒரு வார்த்தையில்தான் நாச்சியம்மாளின் குரல் உயர்ந்தது. "பட்டினி கெடந்த ஒடம்புங்க அது. ஒரேயடியா வெளிச்சம் போட்டாக் கருகிப்போகும். மொதல்ல ரெண்டு போடுங்க, ஒரு அடி ஒசரத்துல தொங்க உடுங்க. ஒரு வாரம் பொறுத்து ஒண்ணு சேத்துங்க, அப்பறம் ஒண்ணு. அதுவரைக்கும் எறாலு வாங்கி, கடுகாட்ட நறுக்கி, குச்சியில வெச்சு ஊட்டுங்க. ஊட்டுனா வாங்குதான்னு பாருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "என்னால இப்ப வர முடியாதுங்க. அம்மாவ உட்டுட்டு எப்படி வாரது?"

பேச்சு அதோடு நின்றது. அதற்குப் பிறகு கேட்டது அழுகை. இருபது வருஷத்தில் மனைவி அழுது பாலுசாமி கேட்டது அதுதான் முதல் முறை. ரிசீவரை வைத்த பிறகும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

தொட்டி முன்னால் வந்து நின்றார். நேற்றுவரை அழகாக இருந்த வெள்ளை இப்போது பார்க்கச் சகிக்கவில்லை. சாமந்தி முன்னைவிடச் சிறுத்திருந்தது. கைகள் குட்டையாகி, பாதி சுருண்டு கிடந்தன. இதையெல்லாம் தினமும் பார்த்திருக்கிறார், நிறத்தை மட்டும்தான் கவனித்திருக்கிறார். இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறவனுக்காகவே விளக்குப் பொறுக்கிய ஆள். விளக்குக்குக் கீழே கிடப்பதற்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததேயில்லை. துணி சோறு கேட்காதல்லவா? அவருக்கு வெட்கமாக இருந்தது. செத்துப்போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் இஸ்மத் சட்டத்தைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, இரண்டு டியூப்லைட்டை மட்டும் எரியவைத்தார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, அது அவர் பெருந்தன்மை. மின்சாரம் போகும்போது தொட்டிக்கு மட்டும் பட்டறை ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்தார்கள். துணி நின்றாலும் சரி, அந்த வயர் நிற்கக்கூடாது என்று பாலுசாமி சொல்லிவிட்டார்.

இறால் வாங்கக் கோயமுத்தூர் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு அவரே போனார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூக்கைப் பொத்தாமல் போனார் என்பதைச் சொல்லியாகவேண்டும். ஆட்டுக்கறி சாப்பிடுகிற வீடுதான், ஆனால் இறால் அந்த வாசலை மிதித்ததில்லை. சமையலுக்கு உதவும் பழனியாத்தாள் அந்தக் கத்தியைத் தொடமாட்டேன் என்றுவிட்டார். பாலுசாமியே நறுக்கினார், மூங்கில் குச்சியில் வைத்து நீட்டினார். சாமந்தி வாங்கவில்லை. இறால் துண்டு உருண்டு அடியில் விழுந்தது. ஐந்து நாளும் அப்படியே விழுந்தது. ஆறாம் நாள் ஒரு கை மெதுவாக வளைந்து, துண்டைத் தொட்டு, ஒட்டிக்கொண்டு, நடுவில் இருந்த வாய்ப்பக்கம் இழுத்துப்போனது. "வாங்கிருச்சு! இஸ்மத்து, வாங்கிருச்சு!" என்று பட்டறை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

நிறம் திரும்புகிறதா என்பது அடுத்த கவலை. தினமும் பார்க்கிற கண் தன்னைத்தானே ஏமாற்றும், இது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆசைப்பட்டால் இன்னும் அதிகமாக ஏமாற்றும். அதனால் தொழிலில் செய்வதையே இங்கும் செய்தார். வெளுத்த துணியில் பத்துத் துண்டு வெட்டினார். டீத் தண்ணீரை மெலிதாகவும் கெட்டியாகவும் கலந்து ஒவ்வொன்றையும் நனைத்துக் காயவைத்து, ஒன்றிலிருந்து பத்துவரை நம்பர் போட்டார். பத்து என்றால் சாமந்தியின் பழைய நிறம். காலை எட்டு மணிக்கு, விளக்குப் போடுவதற்கு முன்னால், ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியை ஒட்டித் துண்டைப் பிடித்துப் பார்ப்பார். பார்த்ததை நாச்சியம்மாளின் நோட்டிலேயே எழுதுவார். எட்டு நாள் 'இல்லை' என்றே எழுதினார். ஒன்பதாம் நாள் விரல்களின் அடியில், உடம்போடு சேர்கிற இடத்தில், ஒரு நிழல் மாதிரி ஏதோ தெரிந்தது. ஒன்றாம் நம்பர் துண்டை வைத்துப் பார்த்தார். அந்த அளவுக்குக்கூட வரவில்லை. 'அரை' என்று எழுதினார்.

அதை அடுத்து வந்த ஞாயிறு போனில் அவர் ஜம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. "எறாலு வாங்குது. நெறம் அரை நம்பர் இருக்கும், அதுக்கு மேல இல்ல. பவளத்தப் பத்திச் சாஜிதாம்மாகிட்டப் போன் பண்ணிக் கேட்டேன். அதுல உசுரு இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"செரிங்க" என்றார் நாச்சியம்மாள். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

நாற்பத்தைந்து நாள் முடிந்து நாச்சியம்மாள் வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேராகத் தொட்டிக்குப் போனார். மேலே நாலு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. கீழே சாமந்தி வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் முகம் வாடியதைப் பாலுசாமி பார்த்தார்.

"மேல பாக்காத அம்மணி. விரலுக்கு அடியில பாரு."

"ஒண்ணும் தெரியலீங்களே."

பாலுசாமி விளக்குகளை அணைத்தார். ஜன்னலைத் திறந்தார். இரண்டாம் நம்பர் துண்டை அவர் கையில் கொடுத்து, கண்ணாடியில் எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று காட்டினார். நாச்சியம்மாள் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். துண்டை எடுத்தார், மறுபடி வைத்தார். துணியின் மெல்லிய பழுப்பும் அந்த விரல்களின் அடிப்பழுப்பும் ஒன்றாக இருந்தன.

"வருதுங்க" என்றார். "வந்துட்டிருக்குதுங்க."

பிறகு கையை விட்டுப் பவளக் கல்லை வெளியே எடுத்தார். கடுகு கடுகாக இருந்த உயிர் போய், ஓட்டை ஓட்டையாக வெறும் கூடு மட்டும் வெள்ளையாக இருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாந்தான் கொன்னுபோட்டேன்" என்றார் பாலுசாமி. "நீ கோடு போட்டுத்தான் எழுதியிருந்த. நான் படிச்சுட்டுத்தான் பண்ணுனேன்."

பரவாயில்லை என்று நாச்சியம்மாள் சொல்லவில்லை. கல்லைத் துடைத்து அலமாரியில் வைத்தார். மேஜை மேல் கிடந்த நோட்டைப் புரட்டினார். அவருடைய நான்கு பக்கத்துக்குப் பிறகு, கோணல் எழுத்தில், இல்லை, இல்லை, இல்லை என்று ஒரு பக்கம் ஓடியது. அதன் கீழே அரை, ஒன்று, ஒன்றரை. அதை நின்றபடியே கடைசிவரை படித்துவிட்டுத்தான் சமையலறைக்குப் போனார்.

செப்டம்பரில் அம்மாவின் இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் நாள் குறித்தார்கள். நாச்சியம்மாள் மறுபடியும் துணிமணி எடுத்துவைத்தார். சாமந்தி அப்போது ஏழாம் நம்பரில் இருந்தது. மீன்கள் இரண்டும் பழையபடி அதற்குள்ளேயே படுத்துக்கிடந்தன. கிளம்புகிற அன்று காலை பாலுசாமி மேஜையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், தொட்டிக்குப் பின்னாலும் பார்த்தார். நோட்டைக் காணவில்லை. இஸ்மத்திடம் கொடுத்துவிட்டாளோ என்று நினைத்தார். கொடுத்திருந்தால் கேட்க அவருக்கு வாயும் இல்லை.

கார் கதவைத் திறந்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார். "ஏன் அம்மணி, தொட்டியப் பாத்துக்கறது யாரு?"

"இதென்னங்க கேள்வி? நீங்கதான்."

"இல்ல, நோட்டக் காணம். எழுதி வெக்கலயா?"

நாச்சியம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதலீங்க. நோட்டு இந்தப் பையில இருக்குது, இனி உங்களுக்கு அது வேண்டியதில்லீங்க. எட்டாம் நம்பர் வந்துச்சுன்னா ஞாயித்துக்கெழம வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே போன் பண்ணுங்க."

பாலுசாமி சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். கார் தெருமுனை திரும்பியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஜன்னலைத் திறக்க உள்ளே போனார்.